வளைவில் பிடுங்கிய நான்கு ஆணிகள்

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். மாசி மாதம். கேழ்வரகு அடித்து முடித்துக் களம் ஒழிந்திருந்த சமயம். பெங்களூரில் ஒரு பெரிய மைதானத்தில் ரயில் பொருட்காட்சி நடக்கிறது, பழைய காலத்து இஞ்சின்களையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் ராயக்கோட்டை டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த என் அண்ணன், "என்னை ஒருவாட்டி அங்க கூட்டிட்டுப் போறியாடா?" என்று கேட்டார். அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. அதனால் அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளே, நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவது அவரைத்தான். அவரைப் பற்றி நீங்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பெரியப்பாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை? பள்ளிக்கூடத்துக்குப் போகிற மேட்டுப் பாதை நேராக இருக்கும்போது, பெரியப்பா மட்டும் ஏன் அதில் கால் வைக்காமல் வயல் வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்? இரண்டுக்கும் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருக்கும். விஷயத்தில் தப்பு இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அந்த மேட்டுப் பாதை ஒரு காலத்தில் ரயில் பாதை. ஓசூர் வரைக்கும் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. யுத்த காலத்தில் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். மேடும் சின்னப் பாலமும்தான் மிஞ்சின. அந்த ரயிலில் அண்ணனுக்கு வேலை. தினமும் விடிந்ததும் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் பங்குக்கு விட்ட தண்டவாளம் முழுவதும் நடப்பார். தண்டவாளத்தை அதன் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் தடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் இறுக்குவார். காணாமல் போயிருந்தால் பையிலிருந்து புது ஆணி எடுத்து அடிப்பார். அவர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் ஊரில் அடுப்புப் பற்ற வைப்பார்கள்.

காணாமல் போயிருந்தால் என்று எழுதினேன் அல்லவா? ஆணி தானாக எங்கேயும் போகாது. எங்கள் பக்கத்து ஊர்களில் அதை எடுக்கிற பழக்கம் இருந்தது. நல்ல இரும்பு கிடைக்காத காலம். ஏர் நுனியில் மண்ணைக் கிழிக்கிற கொழுவுக்கு அந்த ஆணி போல ஒரு இரும்பு வராது என்பார்கள். நாலு ஆணியைக் காய்ச்சி ஒன்றாக அடித்தால் ஒரு கொழு ஆகும். திருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயிரம் ஆணியில் ஒன்று போனால் என்ன, காலையில் ஆள் வந்து பார்த்து வேறு அடிக்கப்போகிறான் என்பதுதான் பேச்சு. அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன். அந்த ஆள் என் சொந்த அண்ணன் என்பது தெரிந்தும் பேசினேன்.

உங்கள் பெரிய அக்கா பிறந்த வருஷம் அது. ஆனி மாதக் கடைசியில் முதல் மழை பெய்துவிட்டது. எல்லோரும் ஏர் பூட்டிவிட்டார்கள். என் கொழு தேய்ந்து தோசைத் திருப்பி மாதிரி ஆகியிருந்தது. அண்ணன் பையில் எப்போதும் பத்து ஆணியாவது இருக்கும். நாலு கொடு என்று கேட்டேன். அது என்னுடையது இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம். அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சின்னப் பாலத்தைத் தாண்டி ரயில் பாதை திரும்புகிற வளைவுக்குப் போனேன். மழையில் ஊறிய கட்டை. அதிகம் பலம் வேண்டியிருக்கவில்லை. புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு கட்டை விட்டு ஒரு கட்டையாக நாலு ஆணி பிடுங்கினேன். காலையில் அண்ணன் பார்ப்பார், அவர் பையில் இருப்பதையே அடித்துவிடுவார், கேட்டதைக் கொடுக்காததற்கு இப்படிக் கொடுக்கட்டும் என்று மனசுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் விடிவதற்குள் ஆணிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் ஊர்க் கொல்லர் கேள்வி கேட்பார் என்பதால் அடுத்த ஊர்க் கொல்லரிடம் போனேன். நான் போன பிறகுதான் உங்கள் அம்மாவுக்கு வலி எடுத்திருக்கிறது. என்னைத் தேடியிருக்கிறார்கள். நான் உலைக்களத்தில் துருத்தி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா தண்டவாளப் பக்கம் ஓடி அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்தான் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினார்.

நான் புதுக் கொழுவோடு திரும்பி வந்தபோது ஊருக்குள் இரண்டு செய்தி ஒன்றாக நின்றன. வீட்டில் பெண் குழந்தை. வளைவில் ரயில் சாய்ந்துவிட்டது.

மெதுவாகப் போகிற ரயில்தான். பெட்டிகள் கவிழவில்லை. இஞ்சின் மட்டும் சக்கரம் இறங்கி மேட்டின் சரிவில் சாய்ந்து கிடந்தது. பிரயாணிகள் காயமில்லாமல் இறங்கிவிட்டார்கள். இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவருக்குக் கால் நசுங்கிவிட்டது. அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். காலை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

விசாரணை நடந்தது. காலையில் வளைவு வரைக்கும் நடந்து பார்த்தாயா என்று கேட்டதற்கு, நடந்தேன், எல்லாம் சரியாக இருந்தது, திரும்பி வரும்போதுதான் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். பார்த்தும் ஆணி இல்லாததைக் கவனிக்காதவன் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். கெலமங்கலம் பக்கத்தில் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும், ஒருத்தர் காலை வாங்கினவனுக்குக் கொடுக்க மாட்டோம் என்று பெண் வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அவர் வேறு பெண் பார்க்க ஒப்பவில்லை. நம் நிலத்தில் ஏர் பிடிக்க ஆரம்பித்தார். மேட்டுப் பாதையில் கால் வைப்பதை விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் பயத்தில் திறக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. நாலைந்து வருஷத்தில் ரயிலே நின்றுபோனதும், எப்படியும் போகிற வேலைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைவிடக் கேவலமாக ஒன்று நினைத்தேன். நடந்து போய்ப் பார்த்த மனுஷர் நாலு ஆணி இல்லாததைக் கவனிக்கவில்லையே, அப்படியானால் அவர் பேரிலும் தப்பு இருக்கிறதே என்று. பதினாறு வருஷம் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டேன். அந்தக் கொழு பூட்டிய ஏரை மட்டும் அத்தனை வருஷமும் நான் தொட்டதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி அதை அவரிடமே விட்டுவந்தேன்.

இனி பொருட்காட்சிக்கு வருகிறேன்.

விடிந்ததும் கிளம்பி ஓசூர் போய், அங்கே பெங்களூர் பஸ் பிடித்தோம். உங்கள் அம்மா களியும் கொள்ளுத் துவையலும் கட்டிக்கொடுத்தாள். அண்ணன் பெட்டியின் அடியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பு மெலிந்தும் தோள் அகலத்தில் அது இறுக்கமாக இருந்தது. ஏன் இது என்று நான் கேட்கவில்லை.

மைதானம் முழுக்க ஜனம். தேர்த் திருவிழாவுக்கு வருவது போலக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இஞ்சின்களுக்குக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். கயிற்றுக்குள் நுழைந்து ஒரு பெரிய இஞ்சினுக்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைக்க எங்கே இடம் என்று தேடிக்கொண்டிருந்த அம்மாளைக் காவல்காரர் கன்னடத்தில் கெஞ்சி வெளியே கூட்டிவந்தார். அந்தம்மாள் தெலுங்கில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கண் ஒரு ஓரத்தில் நின்ற சின்ன இஞ்சின் மேல் இருந்தது. எங்கள் ஊர் இஞ்சின் மாதிரியே இருந்தது. கிட்டே போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கரி போடுகிறவர் நிற்கிற இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பக்கத்தில் ஒரு பத்தடி நீளத்துக்குத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவர் கூட்டத்துக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார். நம் சந்தையில் பேசுகிற மாதிரி கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். நேரான பாதையில் பாரம் கீழே இறங்கும், வளைவில் பாரம் வெளியே தள்ளும் என்றார். வெளிப்பக்கத்து ஆணிதான் அந்தத் தள்ளலைத் தாங்குகிறது என்றார். பிறகு ஒரு ஆணியைப் பிடுங்கிக் காட்டினார். கடப்பாரையால் நெம்பினார். தண்டவாளம் அசையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. "இப்ப ஒண்ணும் ஆவல, பாத்தீங்களா? இதோட வேலையையும் சேத்து அடுத்த ஆணி செய்யுது. அதனால ஒண்ணும் ஆவல" என்றார். இன்னொன்று பிடுங்கினார். மூன்றாவதையும் பிடுங்கிவிட்டு நெம்பியபோது தண்டவாளம் முனகிக்கொண்டு ஒரு விரற்கடை விலகியது. கூட்டத்தில் எல்லோரும் ஆ என்றார்கள். நான் நாலு பிடுங்கியவன். அண்ணன் என் தோளைத் தொட்டு, போகலாம் வா என்றார்.

வெளியே போகிற வழியில் ஒரு கொட்டகை. மேஜை மேல் பெரிய நோட்டுப் புத்தகங்கள். பார்க்க வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை, மனசில் பட்டதை எழுதலாம் என்று கண்ணாடி போட்ட வயதான ஒருவர் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவர் மிகவும் அருமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் வரிசையில் நின்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும், "நான் சொல்றன், நீ எழுதுடா" என்றார். கண்டக்டர் சொன்னதில் இந்தப் புத்தகத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ராயக்கோட்டைப் பக்கத்து வளைவுல ரயில் சாஞ்ச அன்னிக்குக் காலையில நான் அந்த வளைவுக்குப் போவல. சின்னப் பாலத்துக்கிட்டயே திரும்பிட்டன். தம்பி பொண்டாட்டிக்கு வலின்னு கூப்புட்டாங்க, ஓடிட்டன். போய்ப் பாத்தன்னு சொன்னது பொய்யி. கரி போடற ஐயாவுக்குக் கால் போனது என்னால. அவரு எங்க இருந்தாலும் மன்னிக்கணும்."

முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரியில், போவல என்பதைப் போகவில்லை என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. பதினாறு வருஷம் நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த நினைப்பு அங்கே அறுந்தது. அவர் பார்க்கத் தவறவில்லை. பார்க்கவே போகவில்லை. போகாதது என் பெண்டாட்டிக்காக, என் குழந்தைக்காக. நான் இருந்து ஓடியிருக்க வேண்டிய ஓட்டத்தை அவர் ஓடியிருக்கிறார். நான் அந்த நேரத்தில் எங்கே இருந்தேன் என்பதும், கையில் என்ன வைத்திருந்தேன் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள். "என்னாங்க, பத்திரமா எழுதறீங்க? சாட்சிக் கையெழுத்துக்கு நாங்களும் வரணுமா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ தெரியாது. ஒன்றும் கேட்காமல், இன்னொரு நோட்டை எடுத்து மேஜையின் மறுகோடியில் வைத்து, வரிசையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். தான் உட்கார்ந்திருந்த முக்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"எழுத வரலியா? மெதுவா சொல்லட்டா?" என்றார் அண்ணன்.

"அண்ணா, ஆணி தானா கழலல. நான் எடுத்தன்."

வேலைக்காரன் வேலைக்காரனைக் கேட்பது போல அவர் கேட்டார்.

"எத்தினி?"

"நாலு."

"எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம். ஒரு கட்டை விட்டு ஒரு கட்டை."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு லேசாக அசைந்தது. அந்த வளைவின் கட்டைகளை அவர் மனசுக்குள் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"எதுக்கு?"

"கொழுவுக்கு."

கண்ணைத் திறந்து தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். ஏர் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. "அதுலயா நான் ஓட்டிக்கிட்டுக் கெடக்கறன்" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு பேச்சு தாங்கவில்லை. எழுதிய இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்துவிட்டு, எல்லாம் நான் செய்தது என்று எழுதிவிடுகிறேன் என்று சொல்லிப் பேனாவைக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதடா. நீ எடுத்த. நான் பாக்கல. ரெண்டுஞ் சேந்துதான் ரயிலு சாஞ்சிது. ரெண்டையும் எழுது."

எழுதினேன். அவர் சொன்னதை முழுவதும் எழுதி, அதற்குக் கீழே நான் செய்ததை நாலு வரியில் எழுதினேன். அண்ணன் கட்டை விரல் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெயரும் போட்டேன். கண்ணாடிக்காரர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டால் போகத்தான் வேண்டும் என்று நின்றேன். அவர் இரண்டு தடவை படித்தார். காலை இழந்தவர் ஊர் எது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றோம்.

"அவரு இதைப் படிப்பாருங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"அதை நான் சொல்ல முடியாதுங்க. புத்தகத்தைப் பத்திரமா வெச்சிருப்பாங்க. அது மட்டும் சொல்லலாம்" என்றார் அவர். பிறகு நோட்டை மூடப் போனவர், மூடவில்லை. "மை காயல. இப்ப மூடுனா எழுத்து ஒட்டிக்கும்" என்று சொல்லி, திறந்தபடியே வைத்து, காற்றில் தாள் புரளாமல் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அருமை என்று எழுதியவர்களின் நோட்டைப் போலவேதான் எங்கள் நோட்டையும் பார்த்துக்கொண்டார். நாங்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோதும் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். யார் பெற்ற பிள்ளையோ, இன்றைக்கும் அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கட்டிக்கொண்டு போன களி பிரிக்காமலே இருந்தது. ஓசூரில் ராயக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கொண்டா என்று அதை வாங்கிப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினார். மன்னித்துவிட்டார் என்று நான் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. பசித்த தம்பிக்கு அவர் எப்போதும் அப்படித்தான் கொடுப்பார்.

மறுநாள் விடிகாலையில் அவர் படுக்கையில் இல்லை. வெளியே வந்து பார்த்தால், பதினாறு வருஷமாக ஏறாத மேட்டில் ஏறி நடந்துகொண்டிருக்கிறார். கையில் மாடு ஓட்டுகிற கோல். நானும் பின்னால் போனேன். சின்னப் பாலத்தில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் திரும்பிய இடம். கொஞ்ச நேரம் நின்று, மேலே நடந்தார். வளைவில் தண்டவாளம் இல்லை, கட்டை இல்லை. கட்டை கிடந்த பள்ளங்களில் புல் முளைத்திருந்தது. வெளிப்பக்கத்து ஓரமாகப் போய்க் கோலால் ஒரு பள்ளத்தைத் தட்டி, "இங்கியா?" என்றார். நான் தலையசைத்தேன். ஒரு பள்ளம் விட்டு அடுத்ததைத் தட்டினார். நாலையும் தட்டினார். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று முதல் அவர் வயலைச் சுற்றிப் போவதில்லை. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

அந்தக் கொழுவைக் கிணற்றில் போட்டுவிடுகிறேன் என்றேன். "இரும்பு என்னடா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அந்த வருஷத்து மழையிலிருந்து அந்த ஏரை நான்தான் பிடிக்கிறேன்.

கரி போட்டவர் அந்த நோட்டைப் படித்தாரா, உயிரோடுதான் இருந்தாரா, தெரியவில்லை. எங்கிருந்தும் ஒரு கடுதாசியும் வரவில்லை. இதை எழுதட்டுமா என்று அண்ணனைக் கேட்டபோது, பிள்ளைங்க படிக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

ஒன்றுதானே, போனால் என்ன, சரி பண்ண ஒருத்தன் வருவான் என்று இன்றைக்கும் சில சமயம் என் மனசு சொல்லும். அப்போதெல்லாம், சின்னப் பாலத்திலிருந்து திரும்பி என் வீட்டுக்காக மூச்சிரைக்க ஓடிய அந்த ஒருத்தன் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறான், எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறேன்.